பாலசமுத்திரத்துக்கு மேல வீசுற காத்தை யார் அளந்தது?

பொங்கல் லீவுக்கு அம்மா ஊரான பாலசமுத்திரத்துக்குப் போயிருந்தேன். பழனிக்குத் தெற்கே மலையடிவாரத்துல இருக்கிற ஊர். வாசல்ல நின்னாலே தெற்குப் பக்கம் முழுக்க மலைதான் தெரியும். மலைக்கு மேல கொடைக்கானல். அப்புச்சிக்கு அங்க கொஞ்சம் தென்னையும் வாழையும் இருக்கு.

சாப்பிட்டு முடிச்சதும் லேப்டாப்பைத் திறந்து என் ஃபைனல் இயர் ப்ராஜெக்டைக் காட்டினேன். பழனி வட்டாரத்துக்கு மேல, தரையில இருந்து ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரைக்கும், நாளைக்குக் காற்று எந்தத் திசையில எவ்வளவு வேகத்துல வீசும்னு சொல்ற மெஷின் லேர்னிங் மாடல். கிராஃப்ல நீலக் கோடும் சிவப்புக் கோடும் ஒண்ணு மேல ஒண்ணு அப்படியே உட்கார்ந்திருந்தது. நீலம் எங்க மாடல் சொன்னது, சிவப்பு நிஜம். அப்படித்தான் அவர்கிட்ட சொன்னேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "செவப்புக் கோடு நெசம்ங்கிறயே கண்ணு, அதெ ஆரு அளந்தது?"

"சேட்டிலைட், ரேடார், பலூன்னு எல்லாம் இருக்குங்க அப்புச்சி."

"இங்க எங்க பலூன் உடுறாங்க? அறுவது வருசமா இந்தத் தோட்டத்துல நிக்கிறேன், ஒண்ணக்கூடப் பாத்ததில்லையே."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், வார்த்தை வரல. அவர் கிண்டலுக்குக் கேட்கல. ஆடி மாசம் வந்தா வாழைக்கு எப்போ முட்டுக் கொடுக்கிறது, ஆளை இந்த வாரம் கூப்பிடுறதா அடுத்த வாரமான்னு முடிவு பண்ண வேண்டியவர் அவர். தப்பாப் போனா தாரோட மரம் சாயும். எனக்குத் தப்பாப் போனா ரெண்டு மார்க் குறையும். அவ்ளோதான் வித்தியாசம். அதனாலதான் அந்தக் கேள்வி அவருக்கு முதல்ல தோணுச்சு, எனக்குக் கடைசி வரைக்கும் தோணல.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பத்தினது. நீங்க மெக்கானிக்கலோ, சிவிலோ, ஈசிஈயோ, ஐடியோ, உங்க ப்ராஜெக்ட்லயும் இப்படி ஒரு சிவப்புக் கோடு இருந்தா, ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கிப் படிங்க.

மாடலை மாடலை வச்சே சரிபார்த்த கதை

எங்க டீம்ல நாலு பேர். டேட்டா எங்கே கிடைக்கும்னு தேடினப்போ எல்லாரும் காட்டின இடம் ஒண்ணுதான்: ஐரோப்பிய வானிலை மையம் தர்ற இஆர்ஏ-5. 1940ல இருந்து இன்னைக்கு வரைக்கும், மணிக்கு மணி, உலகத்துல எந்த இடத்துக்கும், தரையில இருந்து பல பத்து கிலோமீட்டர் உயரம் வரைக்கும் காற்று, வெப்பம், ஈரப்பதம் எல்லாம் அதுல இருக்கு. இலவசம். பழனிக்கு உண்டான கட்டத்தை மட்டும் எடுத்தோம். எண்பது சதவீதத்தை ட்ரெயினிங்குக்கு வச்சோம், இருபதை டெஸ்டிங்குக்கு வச்சோம். ரிப்போர்ட்ல அந்த இருபதுக்கு 'கிரவுண்ட் ட்ரூத்'னு பேர் போட்டோம்.

இங்கதான் தப்பு. இஆர்ஏ-5 ஒரு மறுபகுப்பாய்வு. அதாவது, உலகம் முழுக்க உண்மையிலேயே அளந்த விஷயங்களை எல்லாம் ஒரு வானிலை மாடலுக்குள்ள ஊட்டி, அளக்காத இடங்கள்ல என்ன இருந்திருக்கும்னு இயற்பியலை வச்சு நிரப்பினது. அளந்த இடத்துக்குப் பக்கத்துல அது அளவுக்கு நெருக்கமா இருக்கும். தள்ளிப் போகப் போக, அது அந்த மாடலோட நல்ல ஊகம். ரொம்ப நல்ல ஊகம்தான், நான் அதைக் குறை சொல்லல. ஆனா ஊகத்தை உண்மைன்னு சொன்னது அவங்க இல்ல, நாங்க.

இன்னொரு விஷயமும் இருக்கு. அந்த டேட்டாவோட ஒரு கட்டம் கால் டிகிரி, நம்ம பக்கத்துல சுமார் 28 கி.மீ. பாலசமுத்திரத்துக்கும் கொடைக்கானலுக்கும் நேர்க்கோட்டுத் தூரம் 20 கி.மீ. அளவுதான். அந்த 20 கிலோமீட்டருக்குள்ள தரை 1,700 மீட்டருக்கு மேல எழும்புது. ஒரே கட்டத்துக்குள்ள ஒரு சமவெளியும் ஒரு மலைச் சுவரும் மாட்டிக்கிட்டா, மாடலுக்கு அங்க தெரியுறது ரெண்டையும் சராசரி பண்ணின ஒரு மழுங்கின மேடு. மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியா நுழையுற காற்று பொள்ளாச்சி, உடுமலை தாண்டி இந்தச் சுவரை ஒட்டி வர்றப்போ என்ன செய்யும்னு அந்த மேட்டுக்கு எப்படித் தெரியும்?

அப்போ உண்மையா அளக்கிறது எங்கே?

மேல்காற்றை அளக்க இன்னைக்கும் முதுகெலும்பா இருக்கிறது பலூன்தான். ரேடியோசோண்ட்னு பேர். ஒரு பெரிய லேடெக்ஸ் பலூன்ல ஹைட்ரஜனோ ஹீலியமோ நிரப்பி, கீழே ஒரு சின்ன டப்பாவைக் கட்டி விடுவாங்க. டப்பாவுக்குள்ள வெப்பம், ஈரப்பதம் அளக்கிற சென்சார், ஜிபிஎஸ், ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர். நொடிக்குச் சுமார் 5 மீட்டர் வேகத்துல ஏறும். காற்றை அளக்கத் தனியா சென்சாரே கிடையாது. பலூன் காற்றோட போகுது, அது எந்தப் பக்கம் எவ்வளவு நகருதுன்னு ஜிபிஎஸ் சொல்லுது, அதுதான் அந்த உயரத்துல வீசுற காற்று. மேல போகப் போக அழுத்தம் குறைஞ்சு பலூன் பெருத்துக்கிட்டே போய், 30 கி.மீ. பக்கத்துல வெடிச்சிரும்.

உலகம் முழுக்கச் சுமார் 900 இடங்கள்ல இதைச் செய்யுறாங்க. கிரீன்விச் நேரம் 0 மணி, 12 மணி. நமக்கு அது காலை 5.30, மாலை 5.30. ஒரே நேரத்துல எல்லா நாட்டு வானத்தையும் ஒரு போட்டோ எடுக்கிற மாதிரி.

நம்ம பக்கத்துல இந்திய வானிலைத் துறை ரேடியோசோண்ட் ஏத்துற இடங்களைப் பாருங்க. சென்னை மீனம்பாக்கம், காரைக்கால். மேற்கே கொச்சி, திருவனந்தபுரம். நாலும் கடற்கரை ஊர். பாலசமுத்திரத்துல இருந்து நேர்க்கோட்டுல காரைக்கால் 250 கி.மீ. போல, சென்னை 400 கி.மீ. போல. கொச்சி 140 கி.மீ.தான், ஆனா நடுவுல மேற்குத் தொடர்ச்சி மலை. அப்புச்சி அறுபது வருஷமா ஒரு பலூனையும் பார்க்காததுல ஆச்சரியமே இல்ல.

"சரி, ரேடார் இருக்கே"ன்னு நீங்க கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். நியூஸ்ல வர்ற டாப்ளர் ரேடார் மழைத்துளியில பட்டுத் திரும்புற அலையைக் கேட்குது. துளி ரேடாரை நோக்கி வந்தா அலைவரிசை கொஞ்சம் கூடும், விலகிப் போனா குறையும். ஆம்புலன்ஸ் சைரன் கணக்கு. மழையே இல்லாத ஆடி மாசத்து வறண்ட காற்றுல அதுக்குக் கேட்க ஒண்ணும் பெருசா இல்ல.

மழை இருந்தாலும் பூமி வளைவுன்னு ஒண்ணு இருக்கு. ரேடார் கற்றையை அரை டிகிரி சாய்ச்சு அனுப்பினா, 250 கி.மீ. தள்ளி அது தரைக்கு மேல எவ்வளவு உயரத்துல போகும்? அலை வளிமண்டலத்துல வளையுறதைச் சேர்க்க, பூமியோட ஆரத்தை நாலு வகுத்தல் மூணு மடங்கா, அதாவது சுமார் 8,500 கி.மீ.ன்னு எடுத்துப் போட்டுப் பாருங்க. சாய்வால 2.2 கி.மீ., வளைவால 3.7 கி.மீ., மொத்தம் கிட்டத்தட்ட 6 கி.மீ. ஆக, காரைக்கால் ரேடாருக்குப் பழனிக்கு மேல 6 கி.மீ.க்குக் கீழே நடக்கிற எதுவும் தெரியாது. கொச்சிப் பக்கம் இருந்து பார்த்தா அதே கணக்குக்கு 2.4 கி.மீ. வருது, ஆனா ஆனைமலையும் பழனி மலையும் அந்த உயரத்துக்கே எழும்பி வழியில நிக்குது. ரெண்டு மூணு வரிக் கணக்குதான். ப்ராஜெக்ட் தொடங்கின முதல் வாரமே நாங்க போட்டிருக்கலாம்.

மழை இல்லாமலே காற்றை அளக்கிற ரேடாரும் இருக்கு. அதுல உலகத் தரத்துல ஒண்ணு நமக்குப் பக்கத்து மாநிலத்துல, திருப்பதி பக்கம் காடங்கியில. விண்வெளித் துறைக்குக் கீழே இருக்கிற தேசிய வளிமண்டல ஆய்வகம் நடத்துறது. 130 மீட்டருக்கு 130 மீட்டர் திடல்ல 1,024 யாகி ஆன்டெனா. நம்ம வீட்டு மொட்டை மாடியில முன்னாடி தூர்தர்ஷனுக்கு மாட்டியிருந்தோமே, அந்த ஜாதி ஆன்டெனாதான். 53 மெகாஹெர்ட்ஸ்ல வேலை செய்யுது. அலைநீளம் சுமார் 5.7 மீட்டர். தெளிஞ்ச வானத்துலயும் காற்று சுழிச்சுக்கிட்டேதான் இருக்கும். அலைநீளத்துல பாதி, அதாவது 3 மீட்டர் அளவுல இருக்கிற சுழிப்புகள் அந்த அலையை லேசா திருப்பி அனுப்பும். நேரா மேல ஒரு கற்றை, சாய்வா வேற வேற திசையில சில கற்றைகள் அனுப்பி, ஒவ்வொண்ணுலயும் வர்ற டாப்ளர் மாற்றத்தைச் சேர்த்தா காற்றோட மூணு திசைக் கூறும் கிடைச்சிடும். ஈசிஈ நண்பர்களே, நீங்க செமஸ்டருக்காக மனப்பாடம் பண்ணின ஆன்டெனா அர்ரே, பீம் ஸ்டீயரிங் எல்லாம் அங்க உயிரோட நிக்குது.

கொச்சிப் பல்கலைக்கழகத்துல 205 மெகாஹெர்ட்ஸ்ல 619 ஆன்டெனாவோட இன்னொரு ரேடார் இருக்கு. இதையும் கவனிங்க: அதை நடத்துறது ஒரு பல்கலைக்கழகம். வானத்தை அளக்கிறது கவர்ன்மெண்ட் ஆபீஸ் வேலை மட்டும்தான்னு எதுவும் கிடையாது.

நம்ம மலையில 1909ல நடந்தது

ஊரு திரும்புற பஸ்ல உட்கார்ந்து கொடைக்கானல் பத்திப் படிச்சப்போதான் எனக்கு உண்மையிலேயே வெட்கமா இருந்தது. 1899ல அங்க சூரிய ஆய்வகம் வந்தது. 1909 ஜனவரியில ஜான் எவர்ஷெட் அங்க இருந்து சூரியப் புள்ளிகளோட நிறமாலையைப் படம் எடுத்தார். கோடுகள் லேசா இடம் மாறியிருந்ததை வச்சு, சூரியப் புள்ளியோட ஓரத்துல வாயு நடுவுல இருந்து வெளிப்பக்கமா ஓடுதுன்னு கண்டுபிடிச்சார். இன்னைக்கும் உலகம் முழுக்க எவர்ஷெட் விளைவுன்னுதான் சொல்றாங்க. யோசிச்சுப் பாருங்க, டாப்ளர் மாற்றத்தை வச்சுக் காற்றை அளக்கிற அதே தத்துவம். 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சூரியன்ல வாயு எப்படி ஓடுதுன்னு பாலசமுத்திரத்து வாசல்ல இருந்து பார்த்தா தெரியுற மலையில உட்கார்ந்து அளந்திருக்காங்க. அந்த மலைக்கும் சமவெளிக்கும் நடுவுல இருக்கிற ஒன்றரை கிலோமீட்டர் காற்றைப் பத்தி நான் டவுன்லோட் பண்ணிக்கிட்டு இருந்தேன்.

1963 நவம்பர் 21ல தும்பாவுல இருந்து முதல் ராக்கெட் போனதை ஸ்கூல்ல எல்லாரும் படிச்சிருப்போம். அது எதுக்குப் போச்சுன்னு யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா? சோடியம் ஆவியை மேல விட்டு, அந்த ஆவி மேகம் எப்படி நகருதுன்னு கீழே இருந்து பார்த்து, உயர் வளிமண்டலத்துக் காற்றை அளக்க. இந்திய மண்ணுல இருந்து கிளம்பின முதல் ராக்கெட்டே காற்றை அளக்கத்தான் போச்சு.

இன்னும் ஒண்ணு. ஆடி மாசம் நமக்குத் தெரிஞ்ச காற்று மேற்கே இருந்து வர்றது. தரைக்கு மேல ஒன்றரை கி.மீ.ல அது இன்னும் பலமா, அதே மேற்கே இருந்து வீசும். ஆனா 14, 15 கி.மீ. உயரத்துல நேர் எதிரா, கிழக்கே இருந்து மேற்கே, மணிக்கு 100 கி.மீ.க்கு மேல ஒரு காற்றாறு ஓடுது. வெப்பமண்டலக் கிழக்கு ஜெட்னு பேர். அதை உலகத்துக்கு விளக்கமா எழுதிக் காட்டினவர் நம்ம வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோட்டேஸ்வரம், 1958ல. பின்னாடி அந்தத் துறைக்கே தலைமை இயக்குநர் ஆனார். அவர்கிட்ட சூப்பர் கம்ப்யூட்டர் கிடையாது. யாரோ வேர்த்துக்கிட்டு ஏத்தின பலூன்களோட கணக்கு இருந்தது.

இதனால யாருக்கு என்ன?

மூணு பேருக்கு.

முதல்ல மலையடிவாரத்துல இருக்கிறவங்களுக்கு. 2018 நவம்பர் 16 விடிகாலையில கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, டெல்டாவைச் சூறையாடி, திண்டுக்கல், கொடைக்கானல் வழியா அரபிக்கடல் பக்கம் போச்சு. நம்ம மாவட்டம் கடலைப் பார்த்ததே இல்ல, ஆனா புயலைப் பார்த்துச்சு. ஒரு புயலை எந்தப் பக்கம் தள்ளிக்கிட்டுப் போகணும்னு முடிவு பண்றது தரைக் காற்று இல்ல, பல கி.மீ. உயரத்துல ஓடுற காற்று. அதை உள்மாவட்டத்துலயும் அளந்தா நல்லதா இல்லையா?

ரெண்டாவது காற்றாலைக்காரங்களுக்கு. பழனியில இருந்து உடுமலைப் பக்கம் பஸ்ல போனா ரெண்டு பக்கமும் காற்றாலைதான். தமிழ்நாட்டுல காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியாச்சு. மின்சக்தி காற்று வேகத்தோட மும்மடிக்கு ஏத்த மாதிரி மாறும்னு நமக்குத் தெரியும். வேகத்தை பத்து சதவீதம் தப்பாச் சொன்னா, சக்தி 33 சதவீதம் தப்பாகும். 1.1 ஐ மூணு தடவை பெருக்கிப் பாருங்க. கணிப்பு சறுக்கினா கிரிட்டுல அந்தப் பள்ளத்தை வேற எங்கேயாவது இருந்து அவசரமா நிரப்பணும்.

மூணாவது நமக்கு. இப்போ கிராஃப்காஸ்ட், பாங்கு-வெதர்னு ஏஐ வானிலை மாடல்கள் வந்தாச்சு. பத்து நாள் கணிப்பை நிமிஷத்துல தருது. பிரமாதம்தான். ஆனா ரெண்டும் படிச்சது எதை வச்சு? அதே இஆர்ஏ-5. தினமும் ஓடுறப்போ ஆரம்ப நிலையா எதை வாங்குது? அன்னைக்கு அளந்து சேர்த்த வானத்தை. அளக்கிற கை நின்னுட்டா ஏஐக்கும் கண்ணு மங்கிடும். 2020ல கொரோனா சமயத்துல விமானங்கள் நின்னப்போ, விமானங்கள் போற வழியில அளந்து அனுப்புற காற்று டேட்டாவும் கூடவே சரிஞ்சு போய், வானிலை மையங்கள் கவலைப்பட்டாங்க. 2025 தொடக்கத்துல அமெரிக்காவுல ஆள் பற்றாக்குறையால சில ஊர்கள்ல பலூன் ஏத்துறதையே நிறுத்தினாங்க, சில ஊர்கள்ல குறைச்சாங்க. அவ்வளவு பணக்கார நாட்டுலயே அளக்கிறதுதான் முதல்ல வெட்டு வாங்குது. ஏன்னா அது பளபளன்னு இருக்காது. விடிகாலை எழுந்து பலூனுக்குக் காத்தடைக்கிற ஆளோட ரீல்ஸ் வைரல் ஆகாது.

நம்ம காலேஜ்லயும் அதே கதைதான். எங்க பேட்ச்ல எத்தனை ப்ராஜெக்ட் தலைப்புல 'ப்ரெடிக்‌ஷன்' இருக்குன்னு எண்ணிப் பாருங்க. 'மெஷர்மெண்ட்' எத்தனைல இருக்கு? நான் யாரையும் திட்டல. முதல்ல நிக்கிற குற்றவாளி நான்தான்.

சர்வே லேப்ல தூங்குற தியோடலைட்

இப்போ விஷயத்துக்கு வர்றேன். நம்ம மாதிரி உள்மாவட்ட இன்ஜினியரிங் காலேஜ் ஒவ்வொண்ணும், வருஷத்துல ஒரு மாசமாவது, தன் தலைக்கு மேல இருக்கிற காற்றைத் தானே அளக்கணும். இதுக்கு ரேடார் வேண்டாம். ரேடியோசோண்ட்கூட வேண்டாம். ஜிபிஎஸ் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே செஞ்ச வழி ஒண்ணு இருக்கு: பைலட் பலூன். டப்பா எதுவும் கட்டாத வெறும் பலூன். கீழே இருந்து தியோடலைட்ல பார்த்துக்கிட்டே இருக்கணும். சிவில் டிபார்ட்மெண்ட் சர்வே லேப்ல இருக்கே, அதே தியோடலைட்.

பலூனுக்கு எவ்வளவு வாயு அடைக்கிறோம்ங்கிறதை வச்சு அது நொடிக்கு எவ்வளவு ஏறும்னு கணக்கு இருக்கு. உதாரணத்துக்கு 3 மீட்டர்னு வைங்க. பத்தாவது நிமிஷம் உயரம் 1,800 மீட்டர். அப்போ தியோடலைட் ஏற்றக் கோணம் 20 டிகிரி காட்டினா, கிடைத்தூரம் 1,800 வகுத்தல் டேன் 20, அதாவது 4,945 மீட்டர். அடுத்த நிமிஷம் உயரம் 1,980 மீட்டர், கோணம் 18.5 டிகிரி. கிடைத்தூரம் 5,918 மீட்டர். திசைக் கோணம் மாறலேன்னா, ஒரு நிமிஷத்துல 973 மீட்டர் நகர்ந்திருக்கு. நொடிக்கு 16 மீட்டர், மணிக்கு 58 கி.மீ. பத்தாம் வகுப்பு முக்கோணவியலை வச்சு, ஒன்பதாவது பத்தாவது மாடி இல்ல, கிட்டத்தட்ட ரெண்டு கி.மீ. உயரத்துக் காற்றை அளந்துட்டீங்க.

குறைகளும் இருக்கு, மறைக்க விரும்பல. பலூன் சீரா ஏறும்ங்கிறது ஒரு அனுமானம்தான். மலை ஓரத்துல காற்று மேலேயும் கீழேயும் தள்ளும், அப்போ கணக்கு தப்பும். அதுக்கு ரெண்டு தியோடலைட்டை ஒரு கி.மீ. இடைவெளியில வச்சு ஒரே நேரத்துல பார்த்தா அனுமானமே வேண்டாம், உயரத்தையும் சேர்த்து அளந்துடலாம். மேகத்துக்குள்ள பலூன் போயிட்டா அன்னைக்குக் கதை முடிஞ்சது. தலைக்கு நேரா மேல போனா சாதாரண சர்வே தியோடலைட்ல கழுத்து ஒடியும். ஆடிக் காற்றுல பலூன் சீக்கிரமே சாய்ஞ்சு ஓடிடும்ங்கிறதால அந்தத் தொல்லை நமக்குக் குறைவு.

இந்த யோசனையை ஹாஸ்டல்ல சொன்னப்போ மூணு கேள்வி வந்தது. மூணுமே நியாயமான கேள்விகள்.

ஒண்ணு, ஆபத்து இல்லையா? ஹைட்ரஜன் மலிவு, ஆனா தீப்பிடிக்கும். காலேஜ்ல ஹைட்ரஜன் வேண்டவே வேண்டாம். ஹீலியம் விலை கூட, அதனாலதான் வருஷம் முழுக்கக் கேட்கல, ஒரு மாசம் கேட்கிறேன். விமானம் பறக்கிற வானம் அது, அதனால காலேஜ் வழியா முறையா எழுதி அனுமதி வாங்கினதுக்கு அப்புறம்தான் முதல் பலூன். இதுல அவசரப்படக் கூடாது.

ரெண்டு, நாலு பசங்க விடுற பலூனால வானிலைக் கணிப்பு மாறிடுமா? மாறாது. நான் அப்படிச் சொல்லவும் இல்ல. ஆனா எங்க சிவப்புக் கோட்டுல ஒரு முப்பது இடத்துல மட்டும் நிஜமான புள்ளி இருந்திருந்தா, இஆர்ஏ-5 இந்த மலையடிவாரத்துல எவ்வளவு தள்ளிப் போகுது, எந்தப் பக்கம் தள்ளிப் போகுதுன்னு எங்களால சொல்லியிருக்க முடியும். முப்பது புள்ளி இருந்திருந்தா எங்க ப்ராஜெக்ட் ப்ராஜெக்ட் ஆகியிருக்கும்.

மூணு, சேட்டிலைட் வந்த காலத்துல எதுக்கு இது? இன்சாட் மாதிரி சேட்டிலைட் மேகம் நகர்றதைப் பார்த்துக் காற்றைக் கணக்குப் போடுது. மேகம் இல்லாத இடத்துல அதுக்குப் பிடிமானம் குறைவு. 2018ல ஐரோப்பிய விண்வெளி அமைப்பு ஏயோலஸ்னு ஒரு சேட்டிலைட்டை லேசரோட அனுப்பி, வானத்துல இருந்தே காற்றை அளந்துச்சு. கணிப்புகள் தெளிவா மேம்பட்டுச்சு. 2023ல அதோட ஆயுள் முடிஞ்சது. பல வருஷம் உழைச்சு ஒரு சேட்டிலைட் கட்டுற அளவுக்கு அவங்களுக்கு நேரடி அளவு தேவைப்பட்டுச்சுன்னா, நமக்கு ஒரு தியோடலைட் தூசு தட்டத் தேவைப்படாதா?

என் பங்குக்கு

லீவு முடிஞ்சு வந்ததும் டீம்ல உட்கார்ந்து பேசினோம். ரிப்போர்ட்ல 'கிரவுண்ட் ட்ரூத்'னு இருந்த ஒவ்வொரு இடத்துலயும் அதை எடுத்துட்டு 'இஆர்ஏ-5 மதிப்பீடு'ன்னு போடலாம்னு சொன்னேன். ஒருத்தன், "டேய், வைவாவுல இதையே பிடிச்சுத் தொங்குவாங்கடா, மார்க் போயிடும்"னான். அவன் சொன்னதுல தப்பில்ல. எனக்கும் பயம்தான், வேலைக்கு மார்க் கட்ஆஃப் இருக்கு. ரெண்டு நாள் வாக்குவாதம். கடைசியில மாத்தினோம். 'பழனி வட்டாரத்தில் இந்த மாடலைச் சரிபார்க்க நேரடி மேல்காற்று அளவீடு பயன்படுத்தப்படவில்லை'ன்னு ஒரு வரியும் முடிவுரையில சேர்த்தோம். வைவா அடுத்த மாசம். என்ன ஆகும்னு தெரியல. அந்த வரியைப் படிச்சா ரிப்போர்ட் முன்னைவிடச் சின்னதாத் தெரியுது, ஆனா அப்புச்சி கேட்டா இப்போ பதில் சொல்ல முடியும்.

ஜூனியர்ஸ், நாங்க மே மாசம் கிளம்பிடுவோம். ஆடி ஜூலை நடுவுல பிறக்கும், அப்போ நீங்க காலேஜ்ல இருப்பீங்க. சிவில்ல ரெண்டு பேர் தியோடலைட் பிடிக்க, ஈசிஈயில ஒருத்தர் நேரம் குறிச்சு லாக் பண்ண, ஐடியில ஒருத்தர் டேட்டாவைத் திறந்த ஃபைலாப் போட. தேதி, நேரம், இடம், வானம் எப்படி இருந்தது, யார் பார்த்தது, எல்லாம் எழுதி வைங்க. சரியா வராத நாளையும் எழுதி வைங்க. எங்க கோடும் மாடலும் அப்படியே இருக்கு, ஒப்பிட்டுப் பார்த்து எங்களைத் தப்புன்னு நிரூபிச்சா சந்தோஷம்தான். அனுமதிக் கடிதத்துக்கு டிராஃப்ட் நான் எழுதித் தர்றேன், பத்திரிகைக் குழுவுல கேட்டு வாங்கிக்கோங்க.

அதுக்கு முன்னாடி செலவே இல்லாத ஒரு வேலை. ஆடியில வானம் விட்டு விட்டு மேகமா இருக்கிற ஒரு சாயங்காலம், மொட்டை மாடியில ஒரு கம்பத்தையோ தண்ணித் தொட்டி விளிம்பையோ அடையாளமா வச்சு, அசையாம பத்து நிமிஷம் மேலே பாருங்க. தாழ்வா இருக்கிற பஞ்சு மேகம் மேற்கே இருந்து கிழக்கே ஓடும். அதுக்கும் மேல, இறகு மாதிரி மெல்லிசா இருக்கிற மேகம் தெரிஞ்சா, அது மெதுவா எதிர்ப் பக்கம் போறது தெரியும். ரெண்டுக்கும் நடுவுல எந்த உயரத்துல காற்று திரும்புதுன்னு கண்ணால சொல்ல முடியாது. அதைச் சொல்லத்தான் பலூன் வேணும்.